கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்!

உங்கள் வீட்டில் ஃப்யூஸ் போனால் என்ன செய்வீர்கள்?

இப்போதெல்லாம் பெரும்பாலான வீடுகளில் எம்.சி.பி. வந்துவிட்டது. டப்பென்று விழும், தூக்கிவிட்டால் சரி. ஆனால், பீங்கான் கட்டையில் கம்பி சுற்றிய காலத்து ஆள் என்றால் இந்த வைத்தியம் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். முதல் தடவை ஒற்றைக் கம்பி. மறுபடி போனால் அதையே இரட்டையாக முறுக்கிப் போடுவோம். மூன்றாவது தடவையும் போனால், 'சனியன், இதே வேலையாப் போச்சு' என்று பழைய ஒயரிலிருந்து தடித்த செம்புக் கம்பியை உருவி மாட்டிவிடுவோம். அதற்கப்புறம் ஃப்யூஸ் போகவே போகாது. போனால் வீடுதான் போகும்!

ஃப்யூஸ் செய்ய வேண்டிய ஒரே வேலை, ஆபத்து வரும்போது போய்விடுவது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்ததற்குத்தான் நாம் அதற்கு தண்டனை கொடுத்தோம்.

நம்மவர்களுக்கு இந்தக் குணம் உண்டு. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அரை நாள் லீவும் கிடைத்தால் போதும், எதையாவது பிரித்துவிடுவோம். பைக் சைலன்ஸரைக் குடைவோம், மிக்ஸியின் மூடி 'லாக்' ஆகாமலே ஓடும்படி எதையாவது செருகுவோம். நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. புதுசு வாங்க வக்கில்லாத வீடுகளில் பத்து வருஷத்துக்கு முன்னால் செத்திருக்க வேண்டிய டேபிள் ஃபேன் இன்னமும் சுற்றுகிறது என்றால், இந்தக் குணத்தால்தான். ஆனாலும் பிரிக்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்த வாரம்.

என் அக்கா பையன் ஒருத்தன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். மெக்கானிக்கல் இன்ஜினீயர். லீவு நாளில் நண்பர்களோடு 'பெயின்ட்பால்' ஆடுவான். சமீபத்தில் வீடியோவில் கூப்பிட்டான். சாப்பாட்டு மேஜையில் பழைய நியூஸ் பேப்பரை விரித்து, அதன்மேல் துப்பாக்கியை அக்கக்காகக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான்.

''மாமா, இதோட ட்ரிகர் ரொம்ப டைட்டு. அரம் போட்டு, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வெட்டினா வெண்ணெய் மாதிரி ஆயிடும். வீட்டுலயே பண்ணிடலாம்னு இருக்கேன்.''

நான் படித்தது பி.காம். எனக்கும் அரத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அவனுக்கும் அது தெரியும். அவனுக்கு வேண்டியது யோசனை அல்ல, ஆசீர்வாதம். ஆனால், பத்திரிகைக்காரனிடம் ஆசீர்வாதம் கேட்டால் அவன் பதிலுக்கு நாலு கேள்வி கேட்பான். இரண்டு நாள் அதைப் பற்றியே படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பெயின்ட்பால் என்பது பெரியவர்கள் ஆடும் கள்ளன் - போலீஸ். ஜெலட்டின் கூட்டுக்குள் சாயம் நிரப்பிய உருண்டை, கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர் விட்டம், 3 கிராம் எடை. அழுத்தப்பட்ட காற்று அல்லது கார்பன் டை ஆக்ஸைடு அதைத் தள்ளும். மேலே பட்டு உடைந்தால் சட்டையெல்லாம் கலர், நீங்கள் 'அவுட்'. அந்தத் துப்பாக்கியை அவர்கள் துப்பாக்கி என்று சொல்வதில்லை. 'மார்க்கர்', அதாவது அடையாளம் போடுகிற கருவி. சும்மா மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை இது. அமெரிக்காவில் நெல்சன் என்ற பெயின்ட் கம்பெனிக்காக, டெய்ஸி என்ற ஏர்கன் கம்பெனி தயாரித்துக் கொடுத்த 'நெல்-ஸ்பாட் 007' என்ற கருவிதான் இதற்கெல்லாம் தாத்தா. வெட்ட வேண்டிய மரத்துக்கு வனத்துறை ஆட்கள் தூரத்திலிருந்தே அடையாளம் போடவும், மந்தையில் ஒரு மாட்டை மட்டும் குறித்து வைக்கவும் உண்டான சாமான். அதை எடுத்து மனுஷன் மேல் சுட்டு விளையாடலாம் என்று யோசித்தவர்கள் அப்புறம் வந்தார்கள்.

பெயின்ட்பாலின் முதல் ஆட்டம் 1981 ஜூன் 27 அன்று, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிகர் என்ற ஊரின் காட்டில் நடந்தது. பன்னிரண்டு பேர். காட்டுக்குள் ஆங்காங்கே வைத்த கொடிகளை யார் முதலில் சேர்த்துக்கொண்டு வெளியே வருகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். ஜெயித்தவர் யார் தெரியுமா? ரிச்சி ஒயிட் என்ற வனத்துறைக்காரர். அவர் எத்தனை தடவை சுட்டார் தெரியுமா? ஒரு தடவைகூட இல்லை! காட்டில் சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்தவர். நடந்தார், கொடியை எடுத்தார், வந்துவிட்டார்.

ட்ரிகரை வெண்ணெய் மாதிரி ஆக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் பிடிப்பதில்லை. என் மருமகனுக்கும் பிடிக்கவில்லை.

சரி, ட்ரிகருக்குள் என்னதான் இருக்கிறது? சாதாரண மார்க்கரில் உள்ளே ஒரு சுத்தியல் இருக்கிறது. பெரிய ஸ்பிரிங் ஒன்று அதை முன்னால் தள்ளப் பார்க்கும். ஒரு சின்னக் கொக்கி - 'சியர்' என்பார்கள் - அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும். நீங்கள் ட்ரிகரை இழுத்தால் கொக்கி நழுவும். சுத்தியல் பாய்ந்துபோய் வால்வை இடிக்கும். காற்று பீறிட்டு உருண்டையைத் தள்ளும். அதே காற்றில் ஒரு பங்கு சுத்தியலைப் பழைய இடத்துக்குத் தள்ள, கொக்கி மறுபடி பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். நாம் விரலில் உணர்கிற இறுக்கம், அந்தக் கொக்கியின் பிடிப்பும் ட்ரிகரைத் திருப்பித் தள்ளுகிற ஸ்பிரிங்கின் பலமும் சேர்ந்தது.

இதில் வீட்டிலேயே செய்கிற வேலைகளை இரண்டாகப் பிரிக்கலாம். கொக்கியும் சுத்தியலும் உரசுகிற இடத்தில் இருக்கும் பிசிறைத் தேய்த்து மெருகு ஏற்றுவது, அழுக்கு எடுத்துச் சரியான எண்ணெய் விடுவது, ஒரு விரலுக்கு இருந்த ட்ரிகரை இரண்டு விரலுக்கு நீளமாக மாற்றுவது... இதெல்லாம் ஒரு வகை. காற்றை முழுக்க வெளியேற்றி, உருண்டையெல்லாம் எடுத்துவிட்டுச் செய்தால் பெரிய வம்பு வராது. கொக்கியின் நுனியையே அரத்தால் குறைப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது... இது இன்னொரு வகை.

கொக்கியின் பிடிப்பு ஒரு அளவுக்கு மேல் குறைந்துவிட்டால், மார்க்கர் கைதவறிக் கீழே விழுந்தாலே வெடிக்கும். ஸ்பிரிங் பலவீனமானால் கொக்கி நேரத்துக்குத் திரும்பி வந்து சுத்தியலைப் பிடிக்காது. நீங்கள் ஒரு தடவை இழுத்தால் அது தன்பாட்டுக்கு டபடபவென்று சுட்டுக்கொண்டே போகும். உங்கள் விரல் ஒன்று சொல்லும், கருவி வேறொன்று செய்யும். பொதுவாக விளையாட்டு மைதானங்களில் உருண்டையின் வேகத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு நொடிக்கு 300 அடி. மணிக்கு 330 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டை மேல் பட்டால் சிவந்து கன்றிப்போகும். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வியர்வை துடைத்துக்கொண்டு இருக்கிற நண்பனின் கண்ணில் பட்டால், அந்தக் கண் திரும்பி வராது. அதனால்தான் ஆட்டம் முடிந்ததும் குழலின் வாயில் உறை மாட்டச் சொல்கிறார்கள். எலெக்ட்ரானிக் ட்ரிகர்கள் வந்து, ஒரு இழுப்பை இரண்டு மூன்றாக எண்ண ஆரம்பித்தபோது, அமெரிக்கப் போட்டிகளில் நொடிக்கு 15 உருண்டை என்று வரம்பு கட்டினார்கள். பிற்பாடு அதையும் குறைத்தார்கள்.

''தேய்க்கிறதுன்னா தேய். வெட்டாதே. அந்த ஸ்பிரிங் உன் விரலுக்கு எதிரி இல்ல, பக்கத்துல நிக்கிறவன் கண்ணுக்குக் காவல்'' என்றேன். ''டயலாக் நல்லாருக்கு மாமா'' என்றான். ஆனால், வெட்டவில்லை. சுத்தம் செய்து எண்ணெய் விட்டதிலேயே பாதி இறுக்கம் போய்விட்டதாம்.

அவனிடம் அப்படிச் சொன்னபோது என் மனசில் ஓடியது பெயின்ட்பால் இல்லை. தூத்துக்குடி. திரேஸ்புரம் கடற்கரை. அங்கேயும் அழுத்தப்பட்ட காற்றுதான். அங்கேயும் வீட்டிலேயே பிரித்துப் பூட்டிய கருவிதான். ஆனால், அது லீவு நாள் விளையாட்டு கிடையாது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இந்தக் கடலில் முத்தும் சங்கும் எடுக்கிற தொழில் கொற்கைப் பாண்டியர் காலத்திலிருந்து வருவது. சங்கு அறுத்த துண்டுகள் கொற்கையில் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று ஆட்சி மாறினாலும், கடலுக்குள் இறங்கியவர்கள் இந்தக் கரையின் குளியாட்கள்தான். அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. சங்கு குளிப்பது மட்டும் நிற்கவில்லை. மணலுக்குள் புதைந்து கிடக்கிற சங்கைக் கையால் தடவி எடுக்க வேண்டும். அதில் பெரும்பங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண்களின் வளையல் ஆகிறது.

பழைய முறை எப்படி? கயிற்றில் கட்டிய கல்மேல் காலை வைத்துக்கொண்டு குளியாள் இறங்குவார். கல் அவரைக் கீழே கொண்டுபோகும். தோணியில் இன்னொருத்தர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். அடியில் ஒரு நிமிஷம், தேர்ந்த ஆளாக இருந்தால் ஒன்றரை நிமிஷம். மூச்சு முட்டும், கயிறு இழுபடும், மேலே வந்துவிடுவார். சுறா பயத்துக்கு மந்திரம் சொல்ல 'கடல்கட்டி' என்று தனி ஆளையே முத்துக்குளிப்பின்போது வைத்திருந்தார்கள். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மூச்சு என்ற ஒன்று மனுஷனைக் கட்டி வைத்திருந்தது. எவ்வளவு ஆசை இருந்தாலும் அதற்குமேல் அடியில் நிற்க முடியாது.

பிறகு கம்ப்ரஸர் வந்தது. பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று அடிக்கிறார்களே, அந்த வகைக் கம்ப்ரஸர்தான். படகில் இன்ஜினோடு பூட்டி, நீளமான ட்யூப் இணைத்து, மறுமுனையை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால் மூச்சு முட்டவே முட்டாது. யோசித்துப் பார்த்தால் கண்டுபிடிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் கையேடு அச்சடித்துக் கொடுக்கவில்லை. கையில் கிடைத்ததை வைத்துப் பூட்டினார்கள். முன்னே பத்து முங்கில் தேடியதை ஒரே முங்கில் தேடலாம்.

திரேஸ்புரத்தில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அறுபது தாண்டியவர். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். ''அண்ணாச்சி, கால்ல என்ன?'' என்றேன்.

''கீழ போனா நேரம் தெரியாது தம்பி. முந்தியெல்லாம் மூச்சு முட்டும், மேல வந்துருவோம். ட்யூப்ல போனா முட்டாது. அதான் மோசம்'' என்றார்.

எந்த மருத்துவப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

விஷயம் என்னவென்றால், கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து ஏறிக்கொண்டே இருக்கும். மூடி போட்ட கோலி சோடாவில் காஸ் கரைந்திருப்பது போல. நீங்கள் சட்டென்று மேலே வந்தால் கோலியைத் தட்டிய கதைதான். உடம்புக்குள்ளேயே நுரை கட்டும். மூட்டில் கட்டினால் வலி. முதுகுத்தண்டில் கட்டினால் கால் விளங்காமல் போகும். சில சமயம் உயிரே போகும்.

பி.காம். பாஷையில் சொன்னால், இது கடன். அடியில் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் கணக்கில் ஏறுகிறது. மெதுவாக, அங்கங்கே நின்று நின்று மேலே வந்தால் தவணையில் அடைத்துவிடலாம். ஒரே பாய்ச்சலாக வந்தால் மொத்தக் கடனையும் ஒரே நாளில் ஜப்தி பண்ணிவிடுவான். ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லில் இறங்கியவருக்கு இந்தக் கடன் பெரிதாக ஏற வழியில்லை. எடுத்துக்கொண்டு போனதே ஒரு நெஞ்சுக் காற்று!

இது நம்மூர் ஏழைகளின் அறியாமை என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால், அவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லுங்கள்: வாஷிங்டன் ரோப்ளிங். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமை இன்ஜினீயர். ஆற்றின் அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அஸ்திவாரம் தோண்டினார்கள். 1872-ல் அவரே இந்த நோயில் விழுந்தார். 1883-ல் பாலம் திறக்கும்வரை அவருக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவில் நின்று வேலையை முடித்தவர் அவர் மனைவி எமிலி. படித்த இன்ஜினீயருக்கே அன்று அது விளங்கவில்லை. 1908-ல்தான் ஜான் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துப் பரிசோதித்து, எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் வேறு வம்பும் உண்டு. டயர் சுவாசிப்பதில்லை, அதனால், அதற்குப் போகிற காற்றில் எண்ணெய்ப் புகை கலந்திருந்தாலும் டயருக்குக் கவலையில்லை. மனுஷ நுரையீரல் அப்படியா? பக்கத்திலேயே ஓடுகிற டீசல் இன்ஜினின் புகையைக் கம்ப்ரஸர் இழுத்துவிட்டால், கார்பன் மோனாக்ஸைடு நேராக மனுஷன் வாய்க்குப் போகிறது. அதற்கு வாசனைகூடக் கிடையாது.

முறையான ஸ்கூபா கருவியிலும் ஒரு ட்ரிகர் இருக்கிறது தெரியுமா? நீங்கள் மூச்சை உள்ளே இழுத்தால் ஒரு மெல்லிய சவ்வு உள்ளே குழிந்து, நெம்புகோலைத் தள்ளி, வால்வைத் திறக்கும். மூச்சை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். விரலுக்குப் பதில் மூச்சு. 1943-ல் பிரான்ஸில் கடற்படைக்காரர் கூஸ்தோவும் இன்ஜினீயர் கன்யானும் சேர்ந்து செய்தது இது. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில், காரை காஸில் ஓட்டுவதற்காகச் செய்த வால்வைத்தான் கன்யான் கடலுக்கு ஏற்றபடி மாற்றினார். அதாவது அவர்களும் இருந்ததை மாற்றியவர்கள்தான். மாற்றுவது தப்பே இல்லை. ஆனால், ஸ்கூபாவில் அந்த வால்வோடு அழுத்தமானி, கடிகாரம், அட்டவணை, பயிற்சி, கூட ஒரு துணை ஆள் எல்லாம் சேர்ந்து வருகிறது. மூச்சு என்ற பழைய காவலை எடுத்த இடத்தில், நாலு புதுக் காவலை நிறுத்தியிருக்கிறார்கள். நம் கரைக்கு ட்யூப் மட்டும்தான் வந்தது.

உலகத்தில் இதே கதை பல கரைகளில் நடக்கிறது. பிலிப்பைன்ஸில் கம்ப்ரஸர் ட்யூபோடு மீன் பிடிக்க இறங்குகிறார்கள். ஹோண்டுராஸில் சிங்கி இறாலுக்கு இறங்கும் மிஸ்கிட்டோ இன ஆண்கள் பலர், சிலிண்டர் இருந்தும் முறை தெரியாமல், சக்கர நாற்காலிக்குப் போயிருக்கிறார்கள். ஜப்பானில் 'அமா' எனப்படும் பெண்கள் இன்றைக்கும் காற்று சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில்தான் இறங்குகிறார்கள். கருவி கிடைக்காமல் இல்லை. மூச்சு அளவுக்கு எடுத்தால்தான் அடுத்த வருஷத்துக்கும் கடலில் மிஞ்சும் என்று ஊர்க் கட்டுப்பாடு.

என் மருமகனுக்கு 'வெட்டாதே' என்று சொல்வது சுலபம். அவனுக்குப் போகப்போவது ஒரு ஆட்டம். குளியாளிடம் அதையே சொல்ல எனக்கு என்ன யோக்யதை? சங்கு வந்தால்தான் வீட்டில் உலை. அவருக்குக் கொடுக்கவேண்டியது புத்திமதி கிடையாது: சுவாசிக்கத் தகுந்த காற்று தருகிற கம்ப்ரஸர், அட்டவணையைத் தமிழில் சொல்லித்தருகிற ஒரு பயிற்சி, நோய் வந்தால் மணிக்கணக்கில் அலையாமல் போய்ச் சேருகிற தூரத்தில் ஓர் அழுத்த அறை. இந்த நோய்க்கு அதுதான் வைத்தியம். ஆளை மறுபடி அழுத்தத்துக்குள் வைத்து மெதுவாக வெளியே கொண்டுவருவது. சங்கு விலையில் கை மாறுகிற பணத்துக்கு இதெல்லாம் பெரிய செலவு கிடையாது.

உங்களிடம் கேட்க நினைத்த கேள்வி இதுதான். எதையாவது பிரித்து இலகுவாக்கப் போகிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு முன்னால், 'இந்த இறுக்கம் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது? அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை இனி யார் பார்ப்பார்கள்?' என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்தால் ஸ்க்ரூவைத் திருகுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஆனால், காலையில் படகு கிளம்புகிற நேரத்துக்குக் கரைக்கு வந்துவிடுகிறார். ட்யூபைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டார். ''ஏல, மேல வரும்போது மூச்சை விட்டுக்கிட்டே வா. நீ விடுற குமிழி இருக்குல்லா, அதுல பொடிக் குமிழியப் பாரு. அது உனக்கு முன்னால போவட்டும். நீ அதை முந்தாத.''

உலகம் முழுக்க முக்குளிப்பவர்களுக்குப் பல காலம் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. பையன் தலையை ஆட்டினான். படகு கிளம்பிவிட்டது.